சர்வர் ஒத்திகைக்கு வந்த மாலைகள்

நான் வேலை பார்க்கும் கம்பெனி மோட்டாரும் பைப்பும் விற்கிறது. தலைமைக் கடை விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில். போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார், ஸ்டார்ட்டர், பிவிசி பைப், அதை வளைத்து இணைக்கும் எல்போ, சொட்டுநீர்க் குழாய் என்று தண்ணீர் சம்பந்தமாக ஒரு விவசாயிக்கு எது வேண்டுமானாலும் எங்களிடம் கிடைக்கும். கணக்குப் பிரிவு என் பொறுப்பு. கோலியனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அன்றன்று நடந்ததை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே டைரியில் எழுதிவிடுவேன். சாப்பிட்ட பிறகு எழுதினால் எல்லார் மேலும் கொஞ்சம் இரக்கம் வந்துவிடுகிறது. இதை அந்த டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, விலை சொல்வது எல்லாம் ஒரே சாஃப்ட்வேருக்குள் போய்விட்டன. இரண்டு கடைகளும் அதில்தான் ஓடுகின்றன. அது நின்றால் இரண்டும் நிற்கும். முதல் தடவை அது நின்றது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைப்புக் காலத்தில், கடை நிறைய ஆட்கள் இருந்த ஒரு காலை வேளையில். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தோம். எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு வீணை வாசித்தார்கள். வீணை முடிந்ததும் மறுபடி முக்கியம் என்றார்கள். கவுண்டரில் இருந்தவர்கள் எல்போ என்ன விலை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவின் மறு கோடியில் இதே வியாபாரம் செய்யும் இன்னொரு கடை உண்டு. அதன் உரிமையாளர் அன்று எங்கள் வாசல் வரைக்கும் வந்து, "அவங்க கம்ப்யூட்டரு படுத்துடுச்சாம், பாவம். நீங்க இப்டி வாங்க" என்று எங்கள் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துப்போய், நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். போன வியாபாரத்தைக்கூட எங்கள் முதலாளி பொறுத்துக்கொண்டார். அந்தப் 'பாவம்'தான் அவரால் தாங்க முடியவில்லை.

முதலாளி நாற்பதைத் தொடுகிறவர். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய், கழுத்தில் பெயரட்டையோடும் கையில் ஒரு கோப்போடும் திரும்பினார். அட்டையை மறுநாளும் போட்டிருந்தார். "சாஃப்ட்வேர் நிக்கறது தப்பு இல்ல மேடம். நின்னா நாம நிக்கறதுதான் தப்பு" என்றார். எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். திட்டம் சரியா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் சாஃப்ட்வேரை நாமே நிறுத்தி ஒத்திகை நடத்த வேண்டும். திட்டத்தை எழுதுவது நான். ஒத்திகையை நடத்துவது அவர்.

இதில் திண்டிவனத்தின் தலையும் சேர்ந்தே உருண்டது. கிளையில் தனியாகப் பில் போடுவது முதலாளிக்கு வெகுநாளாகவே பிடிக்கவில்லை. மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒத்திகையில திண்டிவனம் தடுமாறுச்சுன்னா அடுத்த மாசத்துலேர்ந்து பில்லிங் எல்லாம் இங்கதான். அங்க குடோன் மட்டும் இருக்கட்டும். நீங்க இங்க வந்துடுங்க."

திண்டிவனம் மேனேஜர் ஐம்பதைத் தாண்டியவர். அந்தக் கடைக்கு முதல் ஷட்டரைத் திறந்தவரே அவர்தான். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீடு கோயிலுக்குப் பின்னால். கோயில் என்று அவர் சொல்வது மாதா கோயிலை. பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி, வண்டி, பாட்டு, கல்லறைக் குழி என்று எல்லா ஏற்பாட்டையும் முன்னால் நின்று பார்ப்பவர் அவர். அன்று சாயங்காலம் எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"மேடம், நான் அங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்தா உங்களுக்குத்தான் பேஜாரு. மத்தியானம் எனக்கு லேசா கண்ணு அசரும். கூடவே சத்தமும் வரும்."

"அங்க யாரும் ஒண்ணும் சொல்றது இல்லியா?"

"இங்க பழகிப்போச்சு மேடம். சத்தம் வரலேன்னாதான் எழுப்பிப் பாக்கறாங்க." பிறகு குரல் இறங்கியது. "இந்த வயசுல தெனமும் பஸ்ல தொங்கிக்கினு வர முடியாது மேடம். வரச்சொன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நின்னுடுவேன்."

அவர் நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. நல்ல மனிதர் என்பது ஒரு காரணம். திண்டிவனத்துப் பில்லெல்லாம் என் மேசைக்கு வரும் என்பது இன்னொரு காரணம். டைரியில் இரண்டாவதை முதலில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே திட்டத்தை மிகுந்த கவனத்தோடு எழுதினேன். சாஃப்ட்வேர் நின்றால் கையால் பில் போட வேண்டும். கையால் போட எண் அச்சிட்ட பில் புத்தகங்கள் வேண்டும். இரண்டு கடைகளுக்குமான புத்தகங்களைத் தம் பீரோவில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்வதாக முதலாளி சொன்னார்.

"திண்டிவனத்துப் புத்தகத்தைத் திண்டிவனத்திலேயே வெச்சுடலாங்க" என்றேன்.

"பில் புக்கு அவங்க கையில சும்மா கெடந்தா ரெண்டு கணக்கு ஓடும் மேடம். நின்னா மேனேஜர் இங்க வந்து வாங்கிக்கினு போகட்டும்."

"அவர் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி வந்து, வாங்கிக்கினு, மறுபடியும் தாண்டிப் போறதுக்குள்ள ஒருத்தர் பயிரே காஞ்சுடுங்க."

முதலாளி கோப்பைப் பிரித்து, பயிற்சி வகுப்பில் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் 'அபாயம்: ஏற்கப்பட்டது' என்று எழுதினார். ஏற்கப்பட்ட பிறகு அதைப்பற்றிப் பேசக் கூடாதாம்.

அடுத்தது, திண்டிவனத்துக்குப் போனில் எப்படிச் சொல்வது என்பது. தெருக்கோடிக் கடைக்காரருக்கு விஷயம் எட்டக் கூடாது என்பதில் முதலாளி பிடிவாதமாக இருந்தார். 'சாஃப்ட்வேர்', 'சர்வர்' என்ற சொற்களே போனில் வரக் கூடாது. அதற்கேற்ப நான் எழுதிய வாசகம் இது: அமைதியான குரலில் பேசவும். முதலில் பதட்டப்பட வேண்டாம் என்று சொல்லவும். என்ன விஷயம் என்று போனில் சொல்லக் கூடாது. எந்தக் கேள்விக்கும் நேரடியாகப் பதில் கூடாது. உடனே கிளம்பி வரச் சொல்லவும். வெளியில் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று சொல்லி முடிக்கவும்.

முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு, பிரமாதம் என்றார். திண்டிவனத்துக்கு ஒரு நகல் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "பரிச்சைக்கு முன்னாடி யாராவது கொஸ்டின் பேப்பரைக் குடுப்பாங்களா மேடம்?" என்றார்.

போன் செய்யும் வேலையைக் காசாளரிடம் கொடுத்தோம். எங்களில் பதட்டமே இல்லாத குரல் அவருடையதுதான். அவர் பைப் விலையைச் சொன்னால்கூடக் கேட்பவர் கையைக் கட்டிக்கொள்வார்.

ஒத்திகை வைத்த வாரத்தில் முதலாளியின் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கம்பெனியைத் தொடங்கியவர் அவர். பெரியவர் என்போம், நேரில் ஐயா என்போம். பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டாலும் தினமும் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் திண்டிவனத்துக்குத் தெரியும். நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை யாரும் சொல்லவில்லை. எதற்காகச் சேர்த்தார்கள் என்பதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஒத்திகை நாள் வந்தது. கையால் பில் போட மூன்று மேசை தேவைப்பட்டது, கடைக்குள் இடமில்லை. முதலாளி வாசலில் சாமியானா பந்தல் போடச் சொன்னார். பந்தல்காரர் கூடவே பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தண்ணீர் கேனையும் இறக்கிவிட்டுப் போனார். வாடிக்கையாளர்கள் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். பெரியவரை வீட்டில் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. வந்து பந்தலுக்கு நடுவில் தம்முடைய கை வைத்த நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. தலையை ஆட்டக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இரண்டு கையையும் நாற்காலிக் கைகளில் வைத்து நேராகப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

முதலாளி கடவுச்சொல்லை மாற்றி இரண்டு கடைகளுக்கும் சாஃப்ட்வேரை நிறுத்தினார். காசாளர் போனை எடுத்தார். வாசகத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். எதிர்முனையில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மேனேஜர் பிற்பாடு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

"வணக்கங்க. பதட்டப்படாம கேளுங்க" என்றார் காசாளர்.

அந்தப் பக்கம் மேனேஜர்தான். "சொல்லுங்க."

"போன்ல ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நீங்க உடனே கெளம்பி விழுப்புரம் வாங்க."

"ஐயா எப்படி கீறாரு?"

காசாளர் தயங்கி என்னைப் பார்த்தார். கேள்விகளுக்குப் பதில் கூடாது என்ற வரியை நான் விரலால் காட்டினேன்.

"அதெல்லாம் நேர்ல பேசிக்கலாங்க."

"வீட்டுக்கு வரணுமா, கடைக்கா?"

"கடைக்கே வந்துடுங்க. இங்கதான் எல்லாரும் கீறோம்."

"நான் மட்டும் வரட்டுமா, கடை ஆளுங்களையும் கூட்டிக்கினு வரலாமா?"

இதற்குத் தாளில் விடையில்லை. "அது உங்க இஷ்டங்க" என்றார் காசாளர். "வெளியில யாருக்கும் இப்ப சொல்ல வேணாங்க."

போனை வைத்தார். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. தாளில் நான் டிக் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் போனில் உடைத்துச் சொல்வதில்லை. பதட்டப்படாதீங்க, கெளம்பி வாங்க, மத்ததை நேர்ல பேசிக்கலாம் என்றுதான் சொல்வார்கள். கேட்பவர் அழுதுகொண்டே பஸ் ஏறுவார். என் சொந்தத்திலேயே எத்தனையோ தடவை இந்தப் போனை நான் வாங்கியிருக்கிறேன். அதைத்தான் வரிசை மாறாமல் எண் போட்டு எழுதியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திண்டிவனத்தில் மேனேஜர் போனை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாராம். பிறகு, பங்கில் சாவு விழுந்தால் எப்படி எழுவாரோ அப்படி எழுந்திருக்கிறார். ஒருவரை மாலை வாங்க அனுப்பினார். ஒருவரை வேன் பேச அனுப்பினார். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "முக்கியமானவங்களுக்கு மட்டும் சொல்லிடு" என்றார்.

"யாருக்கும் சொல்ல வேணாம்னாங்களே சார்."

"அது முறைக்குச் சொல்றதும்மா. நாம சொல்லலேன்னா அப்புறமேல்ட்டு எல்லாரும் நம்பளைத்தான் கேப்பாங்க."

அந்தப் பெண் தன் கைபேசியிலிருந்து வானூர் மெக்கானிக்கில் தொடங்கி, மயிலம் ரோட்டுக் கடைக்காரர்கள், போர் போடுகிறவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில், "சார், சிஸ்டம் வேற வேலை செய்யல" என்றாளாம்.

"இந்த நேரத்துல சிஸ்டமா முக்கியம்? வந்து நிக்கறவங்களுக்குச் சரக்கைக் குடு. ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கு. நாளைக்கி ஏத்திக்கலாம். கெணத்துல தண்ணி இல்லாம ஒருத்தரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஐயா இருந்தா அதைத்தான் சொல்லுவாரு."

நின்றிருந்த எல்லாருக்கும் சரக்குப் போயிற்று. விலையில் சந்தேகம் வந்த இடத்தில் பழைய பில்லைப் பார்த்துப் போட்டார்கள். அன்று பிற்பகல் இறக்க வேண்டிய மோட்டாரை ஆள் வைத்து முன்கூட்டியே கொண்டுபோய் இறக்கினார்கள். மீதிப் பார்சல்களைப் பக்கத்து டீக்கடையில் ஒப்படைத்து, யாருடையது எது என்று அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு ஷட்டரை இறக்கினார்கள்.

இதே நேரத்தில் விழுப்புரத்தில் திட்டப்படி இயங்கிக்கொண்டிருந்த எங்கள் நிலைமையையும் எழுதிவிடுகிறேன். நான் தயாரித்த கைப் பில்லில் கட்டங்கள் கொஞ்சம் அதிகம். ஒரே ஒரு எல்போ வாங்க வந்த விவசாயி தம் பெயர், ஊர், தாலுகா, போன் எண், மாற்றுப் போன் எண் எல்லாம் சொல்லிவிட்டு, "மாத்துன்னா யாரு, என் பொண்டாட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "அவகிட்ட போன் இல்ல" என்றார். அப்படியென்றால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதல் மேசையும் இரண்டாவது மேசையும் விவாதித்தன. மூன்றாவது மேசையில் கார்பன் தாளைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். முதலாளி கைபேசியில் நேரம் பார்த்துப் பார்த்து முகம் கறுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியது ஒரு மாலை. அத்தனை பெரிது, அதைச் சுமந்துவந்த மேனேஜரின் முகமே தெரியவில்லை. பின்னால் கிளை முழுவதும் இறங்கியது, பெண்கள் வாயில் கைக்குட்டையோடு. நாற்காலியில் காத்திருந்த விவசாயிகள் மாலையைப் பார்த்ததும் ஏனென்று தெரியாமலே எழுந்து நின்று தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், எழுந்து நிற்கும் கூட்டம், நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு அசையாத பெரியவர். சில வீடுகளில் இறந்தவரை உட்கார வைத்தே மாலை போடுவதுண்டு. மேனேஜர் நேராகப் போய்க் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுக் காலைத் தொட்டார்.

"யாரு?" என்றார் பெரியவர்.

மேனேஜர் பின்னால் நகர்ந்து, தம் ஊழியர் ஒருவரின் காலை மிதித்தார்.

"நான்தாங்கய்யா. திண்டிவனம்."

"திண்டிவனமா. இன்னா இது, கண்ணு ஆப்ரேசனுக்கெல்லாமா மாலை போடுவாங்க?"

மேனேஜர் மாலையை நேராக இழுத்துவிட்டார். "நல்லபடியா முடிஞ்சுதேங்கய்யா. அதான்."

பெரியவர் மாலையை மேலிருந்து கீழே தடவினார். கொஞ்சம் தூக்கி மோந்து பார்த்தார். "இது சாவு மாலையாச்சேய்யா. எத்தினி பேருக்கு நானே வாங்கிப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கவுண்டர் பெண் அதற்குமேல் தாங்காமல் ஓவென்று அழத் தொடங்கினாள். அழுகையும் சிரிப்புமாக எல்லாம் வெளியே வந்தது. முதலாளி காசாளரைப் பார்த்தார், காசாளர் என்னைப் பார்த்தார், நான் வாசகத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

பெரியவர் கேட்ட அடுத்த கேள்வி, "வேற யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

சொன்னார்கள். முதலாளி எல்லாருக்கும் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அத்தனை பேரிடமும் பேசியதில் கவுண்டர் பெண்ணின் கைபேசி சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. வாடிக்கையாளர்களின் போன் எண்கள் எல்லாம் சாஃப்ட்வேருக்குள் இருந்தன. புதிய கடவுச்சொல்லைப் போட்டார், ஏற்கவில்லை. மறுபடி போட்டார், கணக்கையே பூட்டிவிட்டது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தோம். வீணை வாசித்தார்கள்.

அதற்குள் வரத் தொடங்கிவிட்டார்கள். வானூர் மெக்கானிக் பைக்கில் வந்தார், மாலை பெட்ரோல் டேங்க் மேல். போர் போடுகிறவர்கள் லாரியிலேயே வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் பந்தலுக்குள் நுழைந்து, பெரியவரைப் பார்த்து நின்று, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். "வாங்கிக்கினு வந்துட்ட இல்ல, போடு" என்றார் பெரியவர். முகம் மலர்ந்திருந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று திண்டிவனம் மேனேஜரைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டார்.

"அந்த விக்கிரவாண்டி பைப்காரன்?"

"வந்துக்கினு கீறாருங்கய்யா. டோல்கேட்ல நிக்கறாராம்."

"வருவான். பாக்கியைப் பத்தி யாரும் பேச மாட்டோம்னு தைரியமா வருவான்."

எல்லாவற்றிலும் பெரிய மாலையோடு வந்தவர் தெருக்கோடிக் கடைக்காரர். கண் கலங்கித்தான் வந்தார், அதை எழுதாவிட்டால் நியாயமில்லை. பெரியவர் அவரைக் காலடி ஓசையிலேயே கண்டுகொண்டார்.

"வாய்யா. ஏமாத்திட்டேனா?"

"சேச்சே. நல்லா இருங்க." மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். "இது இன்னா விசேஷம்?"

"ஒண்ணும் இல்லீங்க, அப்பாவுக்கு ஆபரேஷன்" என்று முதலாளி முந்திக்கொண்டார்.

"சர்வர் ஒத்திகைன்னு டீக்கடையில பேசிக்கினு இருந்தாங்களே. நல்லதுதான் தம்பி. நாங்களும் ஒண்ணு வெக்கலாம்னு கீறோம். அந்தப் பேப்பர் ஒரு காப்பி குடுங்க."

அவர் போன பிறகு முதலாளியின் கோபம் முழுவதும் திண்டிவனத்தின் மேல் திரும்பியது. மேனேஜரைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்தார். பெரியவருக்குக் கேட்கும் தூரம்தான் அது.

"கடையை யாரு பாக்கறாங்க?"

"பூட்டிட்டு வந்துட்டோங்க."

"சிஸ்டம் நின்னா நீங்க என்ன செய்யறீங்கன்னு பாக்கத்தான் இந்த ஒத்திகை. நீங்க கடையையே பூட்டிட்டு வந்திருக்கீங்க. இதுக்கு மேல நான் என்ன பாக்கணும்?"

மேனேஜர் முகத்தில் அப்போதுதான் விஷயம் இறங்கியது. "அப்ப சிஸ்டத்தை நிறுத்தினது நீங்களாங்க? நான் கவனிக்கல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா போயிட்டாருன்னு நெனச்சுக்கினு வந்தேன். பில்லு எங்க போடறதுன்னு இப்ப பேச வேணாங்க. நான் எழுதிக் குடுத்துடறேன்."

"கவனிக்கலியா?" என்றார் பெரியவர், நாற்காலியிலிருந்து. மாலைகளுக்குள் அவர் முகத்தில் கண்ணாடி மட்டும்தான் வெளியே இருந்தது. "இங்க வா. நின்னவங்களுக்கு இன்னா பண்ணே?"

மேனேஜர் சொன்னார். தாளில் எழுதியது, முன்கூட்டியே இறக்கிய மோட்டார், டீக்கடையில் அட்டை கட்டித் தொங்கும் பார்சல், எல்லாம் சொன்னார். கையெழுத்து வாங்கிய தாள்கள் சட்டைப் பையிலேயே இருந்தன. பெரியவர் அவற்றை என்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் நின்றபடியே பார்த்தேன். சரக்கு, அளவு, பெயர், போன், கையெழுத்து. மாற்றுப் போன் இல்லை, தாலுகா இல்லை. எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தேடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"சரியா இருக்குதுங்கய்யா" என்றேன்.

"இங்க எத்தினி பேருக்கு பில்லு போட்டீங்க?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். எல்போ வாங்க வந்த விவசாயி தாமாகவே பதில் சொன்னார்: "இன்னும் எனக்கே போடலீங்க."

முதலாளி விடவில்லை. "அப்பா, சாவுன்னா எல்லாரும் ஓடுவாங்க. சும்மா சர்வர் நின்னா இப்டி ஓடுவாங்களா?"

"ஓட வெக்கறதுக்காக நான் மாசாமாசம் செத்துக்கினு இருக்க முடியாது" என்றார் பெரியவர். "பில் புக்கை அவன்கிட்ட குடு."

முதலாளி உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திண்டிவனத்துப் புத்தகங்களைக் கட்டோடு கொண்டுவந்து மேனேஜர் கையில் வைத்தார். ஆனால் பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லை. "இது ட்ரையல்தான். நெஜமா ஒரு தடவை நிக்கட்டும். அப்ப பாத்துக்கினு முடிவு சொல்றேன்" என்றார். மேனேஜர் புத்தகக் கட்டை மார்போடு அணைத்தபடி வேனில் ஏறினார். கடையைத் திறக்க வேண்டுமென்று டிரைவரை ஜல்தியாகப் போகச் சொன்னார்.

அத்தனை மாலைகளையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பெரியவரின் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். பெரியவரை வெளியில் நிற்கவைத்துக் கற்பூரம் சுற்றி, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சாஃப்ட்வேர் கம்பெனியைத் திட்டினார்.

அன்றிரவு நான் திட்டத்தைத் திருத்தினேன். கட்டங்களை அடித்தேன். போன் வாசகத்தை முழுவதும் மாற்றினேன்: எடுத்த எடுப்பில் பெரியவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லவும், அடுத்து, நின்றது சர்வர் என்று பெயர் சொல்லிச் சொல்லவும், யாரும் எங்கும் கிளம்பி வர வேண்டாம் என்று சொல்லவும். முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரமாதம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

நிஜமாக நின்றது மழைக்காலத்தில். நெடுஞ்சாலையில் எங்கோ பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். மழைத்தண்ணீர் வடிக்க மோட்டார் வேண்டுமென்று வாசலில் கூட்டம் நின்றது. காசாளர் போனை எடுத்தபோது முதலாளி அதைக் கேட்டு வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா நல்லா கீறாரு" என்று தொடங்கினார். எழுதியது எழுதியபடி. "சர்வர் நின்னுடுச்சு."

"தெரியுங்க" என்றார் மேனேஜர். பின்னால் கடைச் சத்தம் கேட்டது. யாரோ ஸ்டார்ட்டர் விலை கேட்க, யாரோ சொன்னார்கள். "கையில போட்டுக்கினு இருக்கோம். கூட்டம் ஜாஸ்தியா கீது. வேற ஏதாவது சொல்லணுங்களா? இல்லேன்னா வெச்சுடட்டுமா?"

முதலாளி எங்கள் மேசைகளைப் பார்த்தார். நாங்களும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம், அவர்கள் அளவுக்கு இல்லை. கைபேசியை வாயருகே கொண்டுபோய், இல்லை என்பதுபோலத் தலையாட்டி, பிறகு அது மேனேஜருக்குத் தெரியாதென்று நினைவு வந்து பேசினார்.

"ஒண்ணும் இல்ல. நீங்க அங்கயே இருங்க."

"இன்னிக்கு மட்டுங்களா?" என்றார் மேனேஜர்.

"எப்பவும்தான்" என்று சொல்லிவிட்டு முதலாளி போனைக் காசாளரிடம் நீட்டினார்.